நூறு வயதைத் தொடும் பேசாப்படக் கையொப்பங்கள்: உரிமை கோர மாநிலம் இல்லாத சென்னை மாகாணச் சொத்து

புதுதில்லி: பேசாப்படக் காலத்து நடிகர், நடிகையர் தம் கைப்படக் கையொப்பமிட்டு அளித்த புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நூறாண்டுகளை நிறைவு செய்து வருகின்றன. நூறாண்டு நிறைந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தொல்பொருளாகக் கருத இடமளிக்கிறது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இச்சட்டம் அனுமதிப்பதில்லை. உள்நாட்டில் அதனை வாங்கி விற்கும் வணிகத்துக்கும் உரிமம் தேவை.

சட்டத்தின் சொற்களை அப்படியே பொருத்திப் பார்த்தால், ராஜா ஹரிச்சந்திரா வெளிவந்த 1913-ஆம் ஆண்டின் படங்கள் 2013-லும், பீஷ்ம பிரதிக்ஞா வெளிவந்த 1921-ஆம் ஆண்டின் படங்கள் 2021-லும் இந்த வரம்பைத் தொட்டுவிட்டன. இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா வெளியான 1931-ஐ எல்லையாகக் கொண்டால், 2031-க்குள் பேசாப்படக் காலத்தின் பெரும்பகுதியும் நூறாண்டுக்கு உட்பட்டுவிடும். ஆயினும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஒரு சட்டம், மை மங்கிய ஓர் அட்டைப் படத்தைத் தேடிச் செல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பதிவு செய்யப்பட வேண்டியவை என்று அறிவிக்கப்பட்ட இனங்களில் சிற்பங்கள், ஓவியங்கள், சுவடிகள் போன்றவையே முதன்மை பெற்றுள்ளன. திரைப்படப் புகைப்படம் அந்த வரிசையில் நினைவுக்கு வருவதில்லை.

அந்தப் படங்கள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்பது இதனினும் சிக்கலான கேள்வி. வங்கத்திலும் மும்பையிலும் இக்கேள்விக்கு ஓரளவேனும் விடை உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் இல்லை.

புத்தலப்பட்டு வழியே ஒரு பார்வை

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது புத்தலப்பட்டு. கர்னூலிலிருந்து சித்தூர் வரும் நெடுஞ்சாலையில், திருப்பதிக்குச் செல்லும் சாலை பிரியும் இடம் அது. இன்று ஒரு மண்டலத் தலைநகர், தனித் தொகுதி. பேசாப்படக் காலத்தில் இப்பகுதி முழுவதும் சென்னை மாகாணத்துக்குள் அடங்கியிருந்தது. பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதியையும் வேறு சில வட்டங்களையும் இணைத்து 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அதனுடன் சென்றது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. சித்தூரும் புத்தலப்பட்டும் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே வீதியில் பேசப்படும் நிலை மட்டும் மாறவில்லை.

அத்தகைய நிலப்பரப்புக்குப் பேசாப்படம் மிகவும் பொருத்தமான கலையாக இருந்தது. அதற்கு மொழி இல்லை. காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் வரும். அவற்றை எழுத்தறியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும், கதையை விளக்கவும் திரையருகே ஒருவர் நிற்பார். தமிழர் நிறைந்த கொட்டகையில் தமிழிலும், தெலுங்கர் நிறைந்த கொட்டகையில் தெலுங்கிலும் அவர் முழங்குவார். சுருள் ஒன்றுதான். படத்தில் நடித்தவர் எந்த மொழிக்காரர் என்று கேட்கத் தேவை எழவில்லை.

பேசும் படம் வந்த முதல் ஆண்டிலும் இந்தக் கலப்பு நீடித்தது. 1931 அக்டோபர் 31-இல் வெளியான காளிதாஸ், முதல் தமிழ்ப் பேசும் படமாகப் போற்றப்படுகிறது. அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். மற்றவர்களின் வசனத்தில் தெலுங்கும் கலந்திருந்தது. அதை இயக்கிய எச்.எம். ரெட்டியே அடுத்த ஆண்டு முதல் தெலுங்குப் பேசும் படமான பக்த பிரகலாதாவையும் இயக்கினார். ஒலி வந்த பிறகே மொழிவாரியாகத் திரைப்படங்கள் பிரிந்தன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தது அதற்கு இருபதாண்டுகள் கழித்து. இரண்டு பிரிவினைகளுக்கும் முற்பட்ட பேசாப்படம், எந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் இடம்பெறாத சொத்தாக நின்றுவிட்டது.

எஞ்சியவை சில

இந்தியாவில் சுமார் 1,300 பேசாப்படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் முழுமையாகவோ துண்டுகளாகவோ எஞ்சியிருப்பவை முப்பதைச் சுற்றியே உள்ளன. தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. மிஞ்சியது பி.வி. ராவ் இயக்கத்தில் 1933-இல் வெளிவந்த மார்த்தாண்ட வர்மா மட்டுமே. அது பிழைத்ததும் ஒரு வழக்கின் புண்ணியத்தால்தான். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வெளியிட்ட பதிப்பகத்தார் உரிமை கோரி நீதிமன்றம் சென்றனர். படம் பறிமுதலாகி, பதிப்பகத்தின் கையிருப்பில் தங்கியது. 1974-இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. வழக்கே நடக்காத மற்ற படங்கள் அழிந்தன.

ஆர். நடராஜ முதலியாரின் கீசக வதம் அவ்வாறு அழிந்தவற்றுள் முதன்மையானது. மோட்டார் வாகன உதிரிபாக வணிகத்திலிருந்து திரைக்கு வந்தவர் அவர். புணேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் படப்பிடிப்பைக் கற்றுக்கொண்டு, சென்னை மில்லர்ஸ் சாலையில் கூடம் அமைத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான கீசக வதம் 1917-இல் வந்ததா, 1918-இல் வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. அதன் இந்தி எழுத்து அட்டைகளை மகாத்மா காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி எழுதித் தந்தார் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர். இந்தி கற்பிப்பதற்காகத் தேவதாஸ் சென்னைக்கு வந்தது 1918-இல். அந்தக் குறிப்பு சரியானால் ஆண்டுக் குழப்பம் தீர வழி உண்டு. ஆனால் சரிபார்க்கச் சுருள் இல்லை. தென்னிந்தியத் திரைப்படத்தின் முதல் எழுத்து அட்டைகளிலேயே இந்தி இருந்தது என்பது, பின்னாளில் தமிழகம் கண்ட அரசியலை எண்ணும்போது விந்தையாகவே தோன்றும்.

சுருள்கள் அழிந்ததற்குக் காரணம் மர்மமானதன்று. அக்காலச் சுருள் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது; எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் மட்கித் தூளாகும். அதிலிருந்த வெள்ளிக்காகவே பழைய சுருள்களை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அரசுக் காப்பகமும் தப்பவில்லை. 2003 ஜனவரியில் புணேயில் நேர்ந்த தீ விபத்தில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்து போயின.

ஆகவே ஒரு பேசாப்படத்தைப் பற்றி இன்று கண்ணால் காணக் கிடைப்பவை நிழற்படங்கள், விளம்பரத் தாள்கள், பத்திரிகைக் குறிப்புகள் ஆகியவையே. கையொப்பமிட்ட படத்துக்கு இவற்றுள் தனி இடம் உண்டு. அந்த முகத்துக்கு உரியவர் அந்தத் தாளைத் தொட்டிருக்கிறார் என்பதற்கு அது சான்று. சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது இதற்காகத்தான். ஆய்வாளருக்கோ கையொப்பத்தின் அருகே உள்ள தேதியும் ஊரும், பின்புறத்தில் உள்ள கூடத்தின் முத்திரையும் முக்கியம். அழிந்துபோன ஒரு படத்தின் ஆண்டை உறுதி செய்ய அந்த ஒரு வரி போதும்.

யார் கையொப்பம்?

நட்சத்திரப் படங்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் அமெரிக்காவில் பெருகியது. ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தபோது, நடிகருக்குப் பதிலாகச் செயலர்கள் கையொப்பமிட்டனர். ரப்பர் முத்திரையும் பயன்பட்டது. அதற்கும் நேரமில்லாதபோது, கையொப்பமிட்ட ஒரு படத்தையே மறுபடி படமெடுத்து ஆயிரக்கணக்கில் அச்சிட்டனர். ஜெர்மனியில் ராஸ் பதிப்பகத்தாரின் நட்சத்திர அஞ்சலட்டைகள் உலகெங்கும் சென்றன. சென்னை மாகாணத்திலும் வெளிநாட்டுத் தொடர்ப்படங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. எட்டி போலோ என்ற சண்டை நடிகரின் பெயர் இங்குள்ள கொட்டகைகளில் வீட்டுப் பெயர்போலப் புழங்கியது. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த பாக்தாத் திருடன் பற்றி அந்தத் தலைமுறை வெகுநாள் பேசிற்று.

உள்நாட்டு நட்சத்திரங்களில் சுலோசனாவுக்கு இணையாக எவரையும் சொல்வதற்கில்லை. ரூபி மேயர்ஸ் என்ற இயற்பெயருடைய யூதப் பெண்மணியான அவர், தொலைபேசி நிலையப் பணியிலிருந்து திரைக்கு வந்து, 1920-களின் பிற்பகுதியில் நாட்டிலேயே மிக உயர்ந்த ஊதியம் பெற்ற நடிகையானார். 1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1983-இல் மறைந்தார்.

தமிழர்களுள் ராஜா சாண்டோவின் பெயர் முதலில் நிற்கிறது. புதுக்கோட்டைக்காரரான பி.கே. நாகலிங்கம், உடற்பயிற்சி வீரராக மும்பை சென்று ராஜா சாண்டோ ஆனார். அங்கே பேசாப்பட நாயகராகப் புகழ்பெற்றார். பின்னர் சென்னை திரும்பி, பேயும் பெண்ணும், வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவிய அனாதைப் பெண் முதலிய பேசாப்படங்களை இயக்கினார். டி.பி. ராஜலட்சுமி திரைக்கு வந்ததும் பேசாப்படத்தில்தான். ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் நிறுவனம் எடுத்த கோவலன் அவரது முதல் படம். 1936-இல் மிஸ் கமலா படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநராகவும் ஆனவர் அவர். இவர்களுடைய பேசாப்படம் ஒன்றுகூட இன்று இல்லை. தேதியுடன் கூடிய கையொப்பப் படம் ஒன்று கிடைத்தால் அதன் மதிப்பு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சென்னையில் திரைப்படத் தொழிலின் வேரே ஒரு புகைப்படக் கூடத்தில்தான் இருந்தது. மசூலிப்பட்டினத்தைச் சேர்ந்த ரகுபதி வெங்கையா சென்னையில் புகைப்படக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். தமது கூடத்தை அடகு வைத்து குரோனோமெகாஃபோன் என்ற கருவியை வரவழைத்து, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். இந்தியர் ஒருவருக்கு உரிமையான சென்னையின் முதல் திரையரங்கான கெயிட்டியைக் கட்டியதும் அவரே. அவர் மகன் பிரகாஷ் இயக்கியதுதான் பீஷ்ம பிரதிக்ஞா. வெங்கையா பெயரில் ஆந்திர அரசு விருது ஏற்படுத்தியது. நடராஜ முதலியாரைத் தமிழ் நூல்கள் போற்றுகின்றன. இருவரும் ஒரே நகரில், ஒரே சந்தைக்குப் படம் எடுத்தவர்கள். இன்று இரு மொழிகளின் தந்தையராகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளனர்.

மையும் தாளும் சொல்லும் சாட்சி

விலை ஏறினால் போலியும் ஏறும். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காந்தியடிகளே தம் கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் கட்டணம் வாங்கி அரிஜன நிதியில் சேர்த்தார். கையெழுத்துக்கு விலை உண்டு என்பது அன்றே தெரிந்த செய்தி. அந்த விலை இன்று பல மடங்காகிவிட்ட நிலையில், மும்பை சோர் பஜார் முதல் வலைதள ஏலம் வரை பழம்படம் என்ற பெயரில் வருபவற்றில் எது உண்மை என்று பிரித்தறிவது தனிக்கலையாகிவிட்டது.

முதலில் மை. பேசாப்படக் காலத்தில் எழுதியது தொட்டெழுதும் பேனாவும் ஊற்றுப் பேனாவும்தான். பந்துமுனைப் பேனா சந்தைக்கு வந்தது 1945-ஐ ஒட்டி. பஞ்சுமுனைப் பேனா அதற்கும் பிந்தியது. ராஜா சாண்டோ 1940-களின் தொடக்கத்திலேயே காலமானவர். அவர் பெயர் பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஆனால் சுலோசனா 1983 வரை வாழ்ந்தார். 1927-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் 1970-களில் பந்துமுனைப் பேனாவால் கையொப்பமிட்டிருக்க முடியும். அது போலி ஆகாது. அக்காலத்துக் கையொப்பமும் ஆகாது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அடுத்து, அச்சிட்ட கையொப்பம். படத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், பேனா முள் அழுந்திய தடமும், மை தாளின் மேற்பரப்பில் தனியே நிற்பதும் தெரியும். மறுபடம் எடுத்து அச்சிட்ட கையொப்பத்தில் மைக்குத் தனிப் பளபளப்பு இருக்காது. முகத்தின் நிழலும் எழுத்தும் ஒரே பரப்பில், ஒரே நிறத்தில் கிடக்கும்.

மூன்றாவது தாள். அன்றைய படங்கள் வெள்ளி உப்பும் ஜெலட்டினும் பூசிய நாரிழைத் தாளில் அச்சானவை. பல்லாண்டு கழிந்தபின் அவற்றின் கருமையான ஓரங்களில் கண்ணாடிபோல ஒரு வெள்ளி மினுக்கம் படரும். இதைச் செயற்கையாக உண்டாக்குவது எளிதன்று. 1950-களுக்குப் பிறகே புகைப்படத் தாள்களில் வெண்மையூட்டிகள் பரவலாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் தாள், பேசாப்படக் காலத்தது அன்று. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளோ 1970-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறு விளக்கே இந்தச் சோதனைக்குப் போதுமானது என்பதால், ஏமாறுவோர் ஏமாற வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையான படங்களுக்கு வீட்டிலேயே எதிரிகள் உண்டு. கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் கண்ணாடியை ஒட்டி இருந்தால், மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பாதுகாப்பு என்று எண்ணிப் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிட்டால் அதன்பின் எந்த நிபுணராலும் மீட்க இயலாது. கிழிசலில் ஒட்டும் செல்லோடேப் பழுப்பேறித் தாளைத் தின்னும். அமிலமற்ற காகித உறையில், நேர் வெயில் படாத அலமாரியில், நிமிர்த்தாமல் படுக்க வைப்பதே செலவில்லாத வழி.

ஆனந்தனின் வீடும் மூர் மார்க்கெட்டும்

அரசுகள் செய்யாததைத் தனிமனிதர்கள் செய்தனர். அவர்களுள் முதல்வர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் எம்.ஜி.ஆரின் நாடோடி மன்னன் படத்துக்குச் செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றி, தமிழ்த் திரையுலகில் அப்பணியையே உருவாக்கியவர். படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவரது தொழில். கொடுத்ததில் ஒரு பிரதியைத் தமக்கென எடுத்து வைப்பது அவரது பழக்கம். பின்னர் தம் காலத்துக்கு முந்திய படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் நிழற்படங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் யார் நடித்தார், யார் எடுத்தார், எப்போது வெளியானது என்று கைப்பட எழுதி வைத்தார். தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதிய எவரும் அவர் வீட்டுப் படியேறாமல் எழுதியதில்லை எனலாம்.

அவரது சேகரிப்பை 2002-இல் தமிழக அரசு ரூ.10 லட்சத்துக்கு ஏற்றுக்கொண்டது. நிரந்தரக் கண்காட்சி அமைப்பது நோக்கமாக அறிவிக்கப்பட்டது. அவரது தகவல் தொகுப்பு 2004-இல் சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு என்ற பெரு நூலாக வெளிவந்தது. 2016 மார்ச் 21-இல் அவர் காலமானார். ஒரு தனிமனிதரின் திரைச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கிய மாநில அரசு என்ற பெருமை தமிழகத்துக்கு உண்டு. ஆனால் அந்தச் சேகரிப்பும் இயல்பாகவே பேசும் தமிழ்ப் படங்களையே மையமாகக் கொண்டது.

மற்றவர்கள் தேடிய இடம் சென்னை மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளில், குடும்பங்கள் வீடு காலி செய்யும்போது போட்ட ஆல்பங்கள் அங்கே எடைக்கு வரும். 1985 மே மாதம் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. அதில் எரிந்தவற்றுக்குப் பட்டியல் கிடையாது.

இன்னொரு முன்மாதிரி செட்டிநாட்டில் கிடைத்தது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்ச் சேகரிப்பைத் தமிழ் மண்ணிலேயே வைத்தது என்பதையும், உள்நாட்டில் எவரும் முந்திக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ரோசியின் முகம்

ஒரு நிழற்படம் இல்லாமற்போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்போருக்கு விடை பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நடித்த தலித் பெண்மணி அவர். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் என்ற தமிழர் எடுத்த பேசாப்படம் அது. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காதவர்கள் கலவரம் செய்தனர். ரோசியின் குடிசை கொளுத்தப்பட்டது. உயிர் தப்பித் தமிழகம் வந்த அவர், நாகர்கோவில் பகுதியில் வேறு பெயரில், நடிப்பைப் பற்றி வாய் திறக்காமல் வாழ்ந்து மறைந்தார்.

அவருடையது என்று மங்கலான படம் ஒன்று உலவுகிறது. அது அவர்தானா என்பது உறுதிப்படவில்லை. விகதகுமாரன் 1928-இல் வந்ததா, 1930-இல் வந்ததா என்பதும் முடிவாகவில்லை. 2023 பிப்ரவரி 10-இல் கூகுள் நிறுவனம் தன் முகப்பில் ரோசியை வரைந்து நினைவுகூர்ந்தது; சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியுள்ளது. விழா எடுக்கப் பெயர் இருக்கிறது. சுவரில் மாட்ட உறுதியான முகம் இல்லை. சுலோசனாவின் படம் அஞ்சலட்டையாக விற்பனையான அதே ஆண்டுகளில் நடந்த கதை இது. யாருடைய படம் கையொப்பத்துடன் எஞ்சுகிறது, யாருடையது எஞ்சவில்லை என்பதில் சாதிக்கும் பங்கு உண்டு. சேகரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் அது தெரியாது.

டேனியலின் கதையும் எல்லைக்கோட்டில் சிக்கியது. 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது. முதுமையில் வறுமையுற்ற அவர் உதவி கோரியபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பதால் கேரள அரசு மறுத்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர். 1975-இல் அவர் மறைந்தார். 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

தில்லி என்ன செய்யலாம்?

திரைப்படம் பற்றி நாட்டின் முதல் விரிவான விசாரணையை நடத்தியவர் ஒரு சென்னை வழக்கறிஞர். மத்திய சட்டப் பேரவை உறுப்பினராக இருந்த திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைக்கப்பட்ட இந்திய ஒளிப்படக் குழு, நாடெங்கும் 353 சாட்சிகளை விசாரித்து 1928-இல் அறிக்கை அளித்தது. தாம் சினிமா பார்த்ததே இல்லை என்று காந்தியடிகள் அக்குழுவுக்குப் பதில் எழுதினார். உள்நாட்டுத் தொழிலுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரைகளை அன்றைய அரசு கண்டுகொள்ளவில்லை. குழுவின் சாட்சியத் தொகுதிகள் மட்டும் ஆய்வாளர்களுக்கு இன்றளவும் பயன்படுகின்றன.

சுதந்திர இந்தியாவில் 1964-இல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தெடுத்த பி.கே. நாயர், பால்கேயின் படத் துண்டுகளை அவர் குடும்பத்தாரிடமிருந்து மீட்டவர். ரூ.597 கோடி மதிப்பில் தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் 2,200 படங்களை ரூ.363 கோடியில் புதுப்பிக்கும் பணியை 2022 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டில் காப்பகமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. வணிக நோக்குள்ள கழகத்தின் கீழ் காப்பகம் செல்வதைத் திரைத்துறையினர் பலர் எதிர்த்தனர். நிதி பெரும்பாலும் சுருளுக்கே செல்லும் என்பதில் வியப்பில்லை. ஆனால் தென்னிந்தியப் பேசாப்படத்தைப் பொறுத்தவரை புதுப்பிக்கச் சுருளே இல்லை, இருப்பது தாள்தான்.

தாளைக் காக்க முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1925-இல் ஹிமான்சு ராய் தயாரித்த ஆசிய ஜோதி படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான ஜெர்மானியர் ஜோசப் விர்ஷிங், பின்னர் பம்பாய் டாக்கீஸில் பணியாற்றி இந்தியாவிலேயே மறைந்தார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான நிழற்படங்களைக் குடும்பத்தார் கோவாவில் காத்து வந்தனர். தில்லியைச் சேர்ந்த அல்காசி அறக்கட்டளையின் முயற்சியால் அவை கண்காட்சியாகி, 2023-இல் நூலாகவும் வந்துவிட்டன. குடும்பம் காத்தது, தில்லி நிறுவனம் துணைநின்றது, பொதுமக்கள் பார்த்தனர். அரசின் பங்கு இதில் ஏதும் தேவைப்படவில்லை.

சென்னை மாகாணத்துப் படங்களுக்கு அப்படியொரு குடும்பம் இல்லை. அவை நான்கு மாநிலங்களில் சிதறிய வீடுகளில், யாரென்று அறியாத முகங்களாகத் தொங்குகின்றன. நாடகமும் சினிமாவும் கலந்து வளர்ந்த சித்தூர் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சித்தூர் ராம விலாச சபையின் ரங்கூன் ரவுடி நாடகமே 1938-இல் கிருகலட்சுமி படமானது. அச்சபையின் நடிகர் நாகையா அப்படத்தின் வழியே திரைக்கு வந்தார். குண்டூர்ப் பக்கம் பிறந்தவராயினும் இறுதிவரை சித்தூர் வி. நாகையா என்றே அழைக்கப்பட்டார். அசோக்குமார், மீரா முதலிய படங்களால் தமிழர்களுக்கும் உரியவரானார். இத்தகைய சபைகளைச் சுற்றியிருந்த வீடுகளின் ஆல்பங்களில், நாகையாவுக்கும் முந்திய தலைமுறையின் படங்கள் இருக்க வாய்ப்பு மிகுதி.

தமிழக, ஆந்திர, கேரள, கர்நாடக அரசுகளின் ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் தயாரிப்பது பெரும் பொருட்செலவு பிடிக்கும் வேலை அன்று. படத்தை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, முன்புறமும் பின்புறமும் வருடிப் பதிவு செய்தால் போதும். கையொப்பம், தேதி, கூடத்தின் முத்திரை மூன்றும் பதிவாகிவிட்டால், பின்னர் அது விற்பனைக்குப் போனாலும் செய்தி தொலைந்து போகாது. தொல்பொருள் சட்டத்தின் கீழ் நூறாண்டுத் திரைப்படப் புகைப்படங்களையும் அறிவிக்கை செய்வதா என்பது மத்திய கலாசார அமைச்சகம் முடிவு செய்ய வேண்டியது. அவ்வாறு அறிவித்தால், சோதனைக்கு அஞ்சி வைத்திருப்பவர்களே படங்களை மறைக்கவோ அழிக்கவோ கூடும் என்ற அச்சமும் நியாயமானதே. பதிவுக்கு முன் அறிவிக்கை வந்தால் அந்த அச்சம் மெய்யாகும். முதலில் வர வேண்டியது பட்டியல்.